யாருடைய கணுக்கால்? ஏழாம் வகுப்பில் கணிமைச் சிந்தனை: ஒரு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலி ஜங்ஷனில் பாபநாசம் பஸ் ஏறினால் பத்தமடை, சேரன்மகாதேவி என்று வயலும் வாய்க்காலுமாகவே வழி போகும். அந்த வழியில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்பில் 28 பிள்ளைகள். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து அரையாண்டுத் தேர்வு வரை, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை, கணிமைச் சிந்தனையைப் பழக்கிப் பார்க்கும் ஒரு முயற்சிக்காக, இவர்களோடு ஒதுக்கி வைத்தேன். அதில் நடந்ததை, நடக்காமல் போனதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இருக்கிற டீச்சர்களுக்கும் சார்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன். பிள்ளைகளின் பெயர்களை எங்கேயும் சொல்லவில்லை.

தொடங்கக் காரணமாக இருந்தது ஒரு பையன். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் வகுப்பில் முதலில் விடை சொல்லுவான். ஒருநாள் பக்கத்துப் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். அவனால் முடியவில்லை. "அது அப்படித்தான் டீச்சர் வரும்" என்றான். விடை தெரிகிறது, வழி அவனுக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து மற்றவர்களையும் கவனிக்க ஆரம்பித்தேன். பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் இருந்தார்கள். இன்னொன்றையும் பார்த்தேன். விடை தப்பு என்று தெரிந்த நிமிஷமே எல்லார் கையும் ரப்பரைத்தான் தேடும். எங்கே தப்பியது என்று பார்க்குமுன் தாளில் தடயமே இருக்காது.

பெயரும் பாடநூலும்

கணிமைச் சிந்தனை என்றதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டுவதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. விஷயம் அது இல்லை. பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரிப்பது, திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொள்வது, வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் எடுப்பது, கடைசியில் விஷயமே தெரியாத ஒருவர் அப்படியே செய்து முடிக்கிற மாதிரி படிப்படியாக எழுதுவது. அந்த ஒருவர் மனிதராகவும் இருக்கலாம், இயந்திரமாகவும் இருக்கலாம். 2006இல் கணினி அறிவியலாளர் ஜேனட் விங் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் உலகமெங்கும் பள்ளிகளில் பரவியது. இது கணினித் துறைக்காரர்களுக்கு மட்டுமான திறன் இல்லை, எழுதப் படிக்கத் தெரிவது போல எல்லாருக்கும் வேண்டியது என்பது அவர் வாதம்.

நம் பாடநூலிலும் இதற்கு இடம் இருக்கிறது. ஆறிலிருந்து எட்டு வரை கணக்குப் புத்தகத்தில் 'தகவல் செயலாக்கம்' என்று ஓர் இயல் வரும். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் நெறிமுறை (படிப்படியாக எழுதிய வழி), அருவமாக்கம் (வேண்டியதை மட்டும் எடுப்பது), பிரித்தல், சுழற்சி (திரும்பத் திரும்பச் செய்வது) என்று பெயர் சொல்லியே பாடம் இருக்கிறது. ஆனால் அது அந்தப் பிரிவை எடுக்கிற பிள்ளைகளுக்கு மட்டும். தகவல் செயலாக்கமோ பருவத்தின் கடைசியில் நிற்கிற இயல். திருப்புதல் நெருக்கத்தில் நானே அதை இரண்டு பாடவேளையில் ஓட்டிவிட்ட வருஷங்கள் உண்டு. நல்ல பாடம் வீணாகப் போகிறதே என்ற வருத்தம் எனக்குப் பல நாளாக இருந்தது.

முதுகோடு முதுகு

முதல் வெள்ளிக்கிழமை கோலம். இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார வேண்டும். ஒருத்தர் கையில் வரைந்த கோலம், இன்னொருத்தர் கையில் வெறுந்தாள். பார்த்தவர் சொல்ல வேண்டும், கேட்டவர் போட வேண்டும், இருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. "கோலமா?" என்று பையன்கள் முகம் சுளித்தார்கள். பத்து நிமிஷத்தில் அவர்கள் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

"ஏட்டி, வளைச்சுப் போடுன்னா எந்தப் பக்கம் வளைக்க?"

"இந்தப் பக்கம்ட்டி!"

சொன்னவள் கையை நீட்டிக் காட்டுகிறாள். கேட்டவளுக்கு முதுகில் கண் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தபோது ஒரு ஜோடிக்குக்கூடக் கோலம் சரியாக வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் அடுத்த வாரத்துக்கு விட்டேன்.

இரண்டாம் வாரம் அவர்களாகவே வழி தேடி வந்திருந்தார்கள். சிலர் புள்ளிக்குப் பெயர் வைத்தார்கள்: மூன்றாம் வரிசை, இரண்டாம் புள்ளி. ஒரு ஜோடி 'வாசல் பக்கம்', 'அடுப்படிப் பக்கம்' என்று திசை வைத்துக்கொண்டது. வீட்டில் கோலம் போடும்போது அப்படிச் சொல்லித்தானே பழக்கம்! நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பாதியில் கேட்டவள் தாளைத் திருப்பி வைத்துக்கொள்ளும் வரை. வாசல் இடம் மாறிவிட்டது. திசையைத் தாளோடு கட்டுவதா, ஆளோடு கட்டுவதா என்று அன்று வகுப்பு முழுக்கப் பேசியது. நான் திட்டமிட்டிருந்த எந்தப் பாடத்தையும்விட அந்தப் பேச்சு உயர்வாக இருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு பிள்ளை தன் அம்மாவின் கோல நோட்டைக் கொண்டுவந்தாள். ஒரு கோலத்தின் கீழே 'ஊடுபுள்ளி 5 – 3' என்று மட்டும் எழுதியிருந்தது. நடுவில் 5 புள்ளி, மேலும் கீழும் இடைவெளியில் 4, அப்புறம் 3. மொத்தம் 19 புள்ளி. போன வாரம் நாங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லி மூச்சு வாங்கிய 19 புள்ளியை அந்த அம்மா மூன்று சொல்லில் முடித்திருக்கிறார். அருவமாக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அந்தச் சொல்லை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "சுருக்கிச் சொல்லுறது" என்றுதான் சொன்னோம்.

இதே கோலத்தைக் கணினி ஆய்வாளர்கள் எப்போதோ கையில் எடுத்துவிட்டார்கள். சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலங்களை உருவாக்கும் இலக்கண விதிகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒரு கோலக் குடும்பமே எப்படிப் பிறக்கிறது என்பதுதான் விஷயம். இதைச் சொன்னபோது, நோட்டைக் கொண்டுவந்த பிள்ளை அதை வாங்கி மறுபடி புரட்டிப் பார்த்தாள்.

சுழற்சிக்கு வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. பத்தமடையிலிருந்து வருகிற ஒரு பிள்ளையின் வீட்டில் கோரைப்பாய் நெய்கிறார்கள். கரையில் வருகிற வேலைப்பாட்டை எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்டுவரச் சொன்னேன். "உம்மா எண்ணவே மாட்டாங்க டீச்சர். வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே போவாங்க, ஒரு சுத்து முடிஞ்சதும் முதல்ல இருந்து" என்றாள். அதைத்தான் கரும்பலகையில் 'இந்த நான்கு வரியைக் கரை முடியும் வரை திரும்பச் செய்' என்று எழுதினோம்.

பிழை நோட்டு

கோலத்தோடு சேர்த்து ஒரு விதியும் வைத்தேன். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் ரப்பர் கிடையாது. தப்பை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, தனி நோட்டில் நான்கு வரி எழுத வேண்டும்: எந்த வரியில் தப்பியது, நான் என்ன நினைத்தேன், என்ன நடந்தது, எதை மாற்றினேன்.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன். முதல் இரண்டு வாரம் நோட்டு வெறுமையாக இருந்தது. ஒரு பிள்ளை எழுதின பக்கத்தைக் கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை, கண் கலங்கிவிட்டது. அவளைக் குறை சொல்ல முடியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து சிவப்பு மையைத்தான் பார்த்திருக்கிறார்கள். தப்பு என்றால் மார்க் போகும், அவ்வளவுதான் அவர்களுக்கு அதன் பொருள். பிரித்துப் பார்ப்பதும் ஒழுங்கு காண்பதும் இந்தப் பிள்ளைகளுக்குச் சுலபமாகவே வந்தன, வீட்டிலேயே பார்த்துப் பழகியிருக்கிறார்கள். வராதது தன் தப்பை நின்று பார்க்கிற பொறுமை. அது இல்லாமல் மற்றவை எல்லாம் பாதியில் நிற்கின்றன.

வழி பிறந்தது என் தப்பிலிருந்து. ஒரு கோலத்துக்கான படிகளை நானே கரும்பலகையில் எழுதி எல்லாரையும் போடச் சொன்னேன். 28 தாளிலும் கோலம் ஒரே இடத்தில் உடைந்தது. ஆறாம் வரியில் 'மேலே' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கீழே' என்று எழுதியிருந்தேன். அதை அழிக்கவில்லை. தேதி போட்டு, வரி எண் போட்டு, நான்கு வரி எழுதி ஒரு வாரம் முழுக்கப் பலகையின் ஓரத்தில் அப்படியே விட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பாதிப் பேர் நோட்டில் எழுத்து இருந்தது. டீச்சர் தப்பு பலகையில் ஒரு வாரம் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது போல.

அன்று ஒரு கதையும் சொன்னேன். 1947இல் அமெரிக்காவில் ஹார்வர்டின் மார்க் 2 என்ற பெரிய கணினி நின்றுபோனது. திறந்து பார்த்தால் உள்ளே ரிலே என்ற மின் சுவிட்சில் ஓர் அந்துப்பூச்சி. அதைத் தூக்கி எறியாமல் பதிவேட்டில் ஒட்டி, பக்கத்தில் குறிப்பும் எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மறுவாரம் ஒரு பையன் பிழை நோட்டின் அட்டையில் செத்த ஈசல் ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்தான்.

பிள்ளைகளுக்கான லோகோ என்ற கணினி மொழியை 1967இல் உருவாக்கியவர்களில் ஒருவரான சேமர் பேப்பர்ட் சொன்னதும் இதற்கு நெருக்கமானதுதான். கணினிக்கு நிரல் எழுதுகிற பிள்ளை 'சரியா தப்பா' என்று கேட்பதை விட்டு 'இதைச் சரிசெய்ய முடியுமா' என்று கேட்கப் பழகுகிறது என்பது அவர் கண்டது. கம்ப்யூட்டர் இல்லாமலும் அது நடக்கும் என்பதை நான் வகுப்பில் பார்த்தேன்.

தப்பைத் தேடுவதற்கும் முறை உண்டு என்று காட்ட, சோழியை வைத்து ஒரு விளையாட்டு நடத்தினேன். ஐந்துக்கு ஐந்தாகச் சோழிகளை மனம்போலக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைக்கச் சொல்லி, வரிசைக்கு ஒன்றும் நிரலுக்கு (மேலிருந்து கீழாக இறங்கும் வரிசைக்கு) ஒன்றுமாக, முனையில் ஒன்றும் சேர்த்து, ஆறுக்கு ஆறு ஆக்குவேன். ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் நிமிர்ந்த சோழி இரட்டைப்படையில் இருக்கும்படி நான் வைப்பது அவர்களுக்குத் தெரியாது. நான் திரும்பி நிற்கும்போது ஒன்றை மட்டும் புரட்டினால், ஒரு வரிசையும் ஒரு நிரலும் ஒற்றைப்படை ஆகிவிடும். இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் தப்பு. தகவல் அனுப்பும்போது வழியில் கெட்டதா என்று கணினிகள் சரிபார்ப்பதற்கும் அடிப்படை இதுதான். ரகசியத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இரண்டு வாரம் ஆனது. நான் சொல்லவில்லை. 1 முதல் 100க்குள் நினைத்த எண்ணை ஏழே கேள்வியில் பிடிக்கும் விளையாட்டோ ஒரே மணியில் பிடிபட்டுவிட்டது, பாதி பாதியாக வெட்டினால் போதும் என்று.

தாத்தா வந்த நாள்

நவம்பரில், பிசானப் பருவ நெல் நடவு முடிந்த கையோடு, ஒரு பிள்ளையின் தாத்தாவை வகுப்புக்கு அழைத்தோம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பல காலமாகத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற விதிகளாக எழுத வேண்டும். மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது, மேல் வயலுக்கு முதலா கீழ் வயலுக்கு முதலா என்று அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கணுக்கால் முங்குற அளவு தண்ணி நிக்கணும். நின்னுட்டுன்னா மடையை அடைச்சிரணும். அம்புட்டுத்தான்."

எல்லாரும் எழுதினார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு கணுக்கால் தாத்தா? உங்களுக்கா, எனக்கா?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்தார். "என் காலுதான் பிள்ளே. நான்தான போறேன்" என்றார். அவள் விடவில்லை. "நீங்க ஊருக்குப் போயிட்டா? மாமா போனா?" அவர் மகன் அவரைவிட ஒரு சாண் உயரம். அதற்கு அவரிடம் விடை இல்லை, என்னிடமும் இல்லை.

இப்படிக் கேட்ட பிள்ளை கணக்குத் தேர்வில் கடைசி வரிசையில் இருக்கிறவள். ஆறு மாதத்தில் நான் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட இதற்குச் சமமாக இல்லை என்பதை மனதாரச் சொல்லுகிறேன். செய்கிற ஆளை மாற்றினாலும் விதி நிற்குமா என்று பார்ப்பதுதான் நெறிமுறைக்கு உயிர். முதல் வாரம் 'இந்தப் பக்கம்' என்று முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிய அதே பிள்ளைதான் இவள்.

அடுத்த வாரம் வேளாண் துறையினர் சொல்லுகிற காய்ச்சலும் பாய்ச்சலும் முறையை எடுத்துக்கொண்டோம். 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டு. வயலில் ஓட்டை போட்ட குழாய் ஒன்றைப் புதைத்து வை. குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கும் வரை காத்திரு. இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. கட்டு. பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதே. சுழற்சியும் நிபந்தனையும் விதிவிலக்கும் ஒரே இடத்தில் வந்துவிட்டன. கணுக்கால் இருந்த இடத்தில் அளவுகோல் வந்ததும் விதி யார் கையிலும் வேலை செய்யும் என்று அவர்களே எழுதினார்கள்.

கம்ப்யூட்டர் அறை

சரி, கம்ப்யூட்டர் எங்கே என்று பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அக்டோபரில் நான்கு வாரம் கணினி அறைக்குப் போனோம். ஓடுகிற இயந்திரம் நான்கு. ஒன்றுக்கு ஏழு பேர். அங்கே எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாகி 2007இல் வெளிவந்த ஸ்கிராட்ச். கட்டைகளை அடுக்குவது போல நிரலை அடுக்கலாம், இலவசம். முதல் வாரம் தோல்வி. மவுஸைப் பிடித்த பையன் விளையாடினான், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோலத்தில் வகுப்பையே நடத்திய பெண் பிள்ளைகள் சுவரோரம் போய் நின்றுவிட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. நாலு மாதம் கட்டியது ஒரு மவுஸில் சரிந்ததே என்று இருந்தது.

இரண்டாம் வாரம் ஒரு விதி வைத்தேன். ஓர் இயந்திரத்துக்கு இரண்டே பேர். மவுஸ் பிடிக்கிறவர் பேசக் கூடாது, பேசுகிறவர் தொடக் கூடாது. பத்து நிமிஷத்தில் இடம் மாற வேண்டும். மற்ற இருபது பேரும் வெளியே வராந்தாவில் தங்கள் முறைக்கான நிரலைத் தாளில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகளே இதற்குக் 'கைக்காரர்', 'வாய்க்காரர்' என்று பெயர் வைத்தார்கள். மென்பொருள் நிறுவனங்களிலும் இப்படி ஜோடியாக எழுதுகிற பழக்கம் உண்டு. பேச்சு திரும்ப வந்தது, பெண் பிள்ளைகளும் திரும்ப வந்தார்கள். மூன்றாம் வாரம் கரண்ட் போனபோது யாரும் எழுந்திருக்கவில்லை. வேலை தாளில்தான் இருந்தது.

மார்க்

தலைமை ஆசிரியர் கேட்ட ஒரே கேள்வி, "இதுக்கு மார்க் எப்படிப் போடுவீங்க?" எனக்குப் பிடித்த விடை இது: மார்க்கை நான் போடவில்லை, ஆறாம் வகுப்பு போட்டது. காகிதக் கப்பல் செய்வதற்கான படிகளை ஜோடி ஜோடியாக எழுத வேண்டும். அதை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தர் படித்து, எழுதியிருப்பதை மட்டும் செய்வார். எழுதியவர்கள் வாய் திறக்காமல் பார்த்து, எந்த வரியில் வழி தவறியது என்று குறிக்க வேண்டும். கப்பல் வந்ததற்கு மார்க் கொஞ்சம், தவறிய வரியைப் பிடித்துத் திருத்தியதற்குத்தான் அதிகம்.

14 ஜோடியில் முதல் தடவை கப்பலாக வந்தது மூன்று. 'ரெண்டா மடி' என்ற வரிதான் பெரும்பாலும் கவிழ்த்தது, நீளவாக்கிலா அகலவாக்கிலா என்று இல்லை. திருத்தி எழுதிய பிறகு பாதிக்கு மேல் வந்துவிட்டது. முதலில் சொன்னேனே, விடை மட்டும் சொல்லுகிற பையன், அவன் கப்பல் கடைசி வரை வரவில்லை. ஆனால் பிழை நோட்டில் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அவன் கையெழுத்தில் அவ்வளவு வரிகளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இதை வைத்துப் பெரிதாக எதுவும் நிறுவ முடியாது. ஒரே வகுப்பு, 28 பிள்ளைகள், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு இல்லை. அரையாண்டுக் கணக்குத் தேர்வில் மார்க் ஏறவில்லை. வாக்கியக் கணக்குகளில் படிகளை எழுதுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், தெரியாவிட்டாலும் பாதி வரை எழுதி நிறுத்துகிறார்கள். மற்ற பாடவேளைகளில் ரப்பர் பழையபடி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, வாரத்தில் ஒரு மணி அதை மாற்றப் போதாது. அடுத்த ஆண்டு தகவல் செயலாக்கத்தைப் பருவக் கடைசிக்கு விடாமல் முதல் மாதத்திலிருந்தே பிரித்து நடத்தப் போகிறேன். கம்ப்யூட்டர் அறைக்கு முதல் நாளிலிருந்தே இரண்டிரண்டு பேராகத்தான் போவோம்.

அரையாண்டு விடுமுறைக்கு முன் தாத்தா ஒருநாள் பள்ளி வாசலுக்கு வந்தார். கையில் சீவிய வேப்பங்குச்சி, அதில் இரண்டு வெட்டு. "கீழ் வெட்டு மண்ணு மட்டம். மேல் வெட்டு வரை தண்ணி. பிள்ளைகள்ட்ட காட்டுங்க டீச்சர்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அதை வகுப்பில் சுற்ற விட்டேன். கணுக்கால் கேட்டவள் வாங்கிப் பார்த்துவிட்டுப் பிழை நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன்: "குச்சியை வயலில் எந்த இடத்தில் ஊன்ற வேண்டும்? மேட்டிலா, பள்ளத்திலா? தாத்தா சொல்லவில்லை."